கோல்ஃப்: பந்தை உருட்டக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் ஆட்டத்தைப் புதிதாகக் கற்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், அந்த முயற்சிக்கு முதலில் என் நன்றி. ஆயினும், மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பந்தை 200 கஜத்துக்கு அப்பால் அனுப்புவது எப்படி என்பதற்கு முக்கால் பங்கு இடம் கொடுத்த அக்கட்டுரை, கிரீனை, அதாவது குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரையை, அடைந்த பந்தைக் குழிக்குள் சேர்க்கும் வேலையை, அதாவது பட்டிங் என்று நாங்கள் சொல்வதை, ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. ‘பிறகு பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விட வேண்டும்’ என்பது அந்த வாக்கியம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆட்டத்தை ஆடிவரும் என் போன்றவர்களின் மனக்கசப்பு அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

18 குழிகளும் 72 என்ற பார் கணக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை முடிக்க எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) கொண்ட மைதானத்தில், ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு பட் என்று வைத்தே அந்தக் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே 72-ல் 36 அடிகள், சரிபாதி, பட்டர் என்ற ஒரே மட்டையால் ஆடப்படுபவை. பையில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கும் 14 மட்டைகளில் மற்ற 13-க்கும் சேர்த்தே மீதிப் பாதி. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். 1891-ல் வகுக்கப்பட்ட அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டரைப் பந்து அகலம் உள்ள வாய் அது. அதற்குள் பந்தைச் சேர்க்கும் வேலை, கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைப்போல நம் பயிற்சிக் களங்களில் நடத்தப்படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்து, சிறந்த ஆட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி கிரீனுக்கு வரும் முன்னரே ஏற்பட்டுவிடுகிறது என்று காட்டியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபது வயதைக் கடந்தவரின் தோளும் இடுப்பும் எத்தனை பயிற்சி செய்தாலும் இளைஞரைப் போலச் சுழலப்போவதில்லை. பட்டிங்குக்கோ உடல் வலு வேண்டியதில்லை, உயரம் வேண்டியதில்லை, விலை உயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே கிரீனில் சமமாக நின்று முன்னேறக்கூடிய ஒரே பகுதி அதுதான். அதைக் கற்பிக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நாற்பதாவது வயதில் ஒரு மைதானத்தில் உறுப்பினராகச் சேர்ந்தபோது, பயிற்சியாளர் ஒருவர் பத்து மாதங்கள் எனக்குப் பந்தை நெடுந்தூரம் அனுப்பும் டிரைவர் மட்டையையும் இரும்பு மட்டைகளையும் பழக்கினார். பட்டரை அந்தப் பத்து மாதத்தில் ஒருமுறைகூட அவர் என் கையில் கொடுக்கவில்லை. விளைவாக, இரண்டு அடியில் கிரீனை அடைந்துவிட்டு, அங்கிருந்து மூன்று, சில நாட்களில் நான்கு அடிகளை இறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் பையைச் சுமந்து வந்தவர் முப்பது ஆண்டுகள் கேடியாக உழைத்த முதியவர். பல வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், ‘அடிக்காதீங்க சார், உருட்டுங்க’ என்றார். எனக்குக் கிடைத்த முதல் பட்டிங் பாடம் அதுவே. இன்றுவரை அதைவிடச் சிறந்த பாடம் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சொல்லில் இருப்பது திசையைப் பற்றிய அறிவுரை அல்ல, வேகத்தைப் பற்றியது. புதிதாக ஆடுபவர்கள் குழிக்குப் பின்னால் குனிந்தும் நிமிர்ந்தும் கோடு பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதில் காட்டுவதில்லை. முப்பதடி தொலைவிலிருந்து உருட்டும் பந்து, கோட்டிலிருந்து நாலடி விலகிப் போவது அபூர்வம். ஆனால் ஆறடி குறைவாக நிற்பதும் எட்டடி தாண்டி ஓடுவதும் தினசரிக் காட்சி. மூன்று பட் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மேலும், சரிவில் பந்து எவ்வளவு வளையும் என்பதே அதன் வேகத்தைப் பொறுத்தது என்னும்போது, வேகத்தை முடிவு செய்யாமல் கோட்டைப் பார்ப்பது, நீரோட்டத்தின் அளவு தெரியாமல் வாய்க்காலுக்கு அகலம் குறிப்பது போன்றது. விரைந்து செல்லும் பந்து குறைவாக வளையும். அடங்கிச் செல்லும் பந்து கூடுதலாக வளையும். எந்தப் பந்தும் குழியை நெருங்கி வேகம் குன்றும் கடைசி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில்தான் அதிகம் வளையும்.

எனவே, கற்றுக்கொடுப்பவர்கள் முதலில் குழியையே மறைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சி கிரீனின் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்துப் புல்லோரத்தை இலக்காக வைத்து, பந்து அந்த ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி உருட்டச் சொல்ல வேண்டும். அடுத்து, ஐந்து பந்துகளை வரிசையாக எடுத்து, முதல் பந்தைப் பத்தடியில் நிறுத்தி, ஒவ்வொரு பந்தும் முந்தையதைவிட ஓரடி கூடுதலாகச் சென்று நிற்கும்படி செய்யப் பழக வேண்டும். அதற்கும் முன்பாக, மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே பந்தை உருட்டிப் பார்ப்பது நல்லது. சிறுவயதில் மண்தரையில் குழி தோண்டிக் கோலி ஆடிய எவருக்கும், எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு விசை என்பதைக் கை தானாகவே அறியும். அந்த அறிவை மட்டைக்கு மாற்றுவதுதான் வேலை. (சுற்று ஆடிக்கொண்டிருக்கும்போது கிரீனின் தன்மையைச் சோதிக்கப் பந்தை உருட்டுவதை விதி தடை செய்கிறது. ஆகவே இதைப் பயிற்சி கிரீனில் மட்டுமே செய்ய வேண்டும்.)

கையிலிருந்து மட்டைக்கு மாறும்போது நேரும் தவறு ஒன்றை நான் ஏறத்தாழ எல்லாப் புதியவர்களிடமும் காண்கிறேன். நீண்ட தூரத்துக்கும் குறுகிய தூரத்துக்கும் ஒரே அளவு மட்டையைப் பின்னால் கொண்டுபோய்விட்டு, தூரம் கூடுதலானால் மணிக்கட்டால் ‘பட்’டென்று தட்டி ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். ஊஞ்சலை யோசித்துப் பார்க்கலாம். எவ்வளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறோமோ அவ்வளவு முன்னுக்குப் போகும். நடுவில் யாரும் தள்ளுவதில்லை. தோள்களிலிருந்து இரு கைகளும் மட்டையும் ஒன்றாக அசைய, தூரத்தை வீச்சின் நீளமே தீர்மானிக்க வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் மட்டைத் தலையின் எடை விரல்களுக்குத் தெரியும். இறுக்கிப் பிடித்தவருக்கு அது ஒருபோதும் தெரியாது.

குழிக்கு எவ்வளவு வேகத்தில் பந்து வர வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. நாசாவில் இயற்பியலாளராகப் பணியாற்றிப் பின்னர் கோல்ஃப் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ், குழியில் விழாமல் கடந்து போனால் 17 அங்குலம் தாண்டி நிற்கும் அளவு வேகமே பந்து விழுவதற்கு ஏற்றது என்று தம் சோதனைகளிலிருந்து சொன்னார். ஏறக்குறைய ஒன்றரை அடி. குழியை எட்டாத பந்து விழ வழியே இல்லை. மிக விரைந்து வரும் பந்துக்குக் குழியின் நடுப்பகுதி மட்டுமே குழி, ஓரங்கள் எல்லாம் அதற்கு வெறும் விளிம்பு. அடங்கி வரும் பந்தோ முன்புறம், இடப்புறம், வலப்புறம் என எந்த வாசலிலும் நுழையும். இறக்கத்தில் ஆடும்போது இந்த ஒன்றரை அடியை நான் அரை அடியாகக் குறைத்துக்கொள்வேன். அது என் பழக்கம், மற்றவர்கள் தத்தம் மைதானத்துக்கு ஏற்ப முடிவு செய்யலாம்.

வேகம் கைவசப்பட்ட பிறகே திசை. இதில் கணக்கு எளிதானது, ஆனால் கடுமையானது. பந்து கிளம்பும் திசையின் பெரும்பங்கைத் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். மட்டை வந்த பாதைக்கு அதில் சிறு பங்கே உண்டு. பந்து கிளம்பும் கோடு ஒரு டிகிரி திரும்பிவிட்டால் பத்தடி தூரத்தில் பந்து 5.3 சென்டிமீட்டர் விலகும். குழியின் ஆரம் 5.4 சென்டிமீட்டர். அதாவது, கடிகாரத்தின் நிமிட முள் பத்து விநாடிகளில் நகரும் அளவு கோணம் பிசகினாலே, பத்தடியில் பந்து விளிம்பைத்தான் பிடிக்கும். இதைக் கேட்டு மலைத்துப்போகத் தேவையில்லை. பிராடியின் அதே கணக்குப்படி, உலகின் தலைசிறந்த பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றையும், இருபதடியிலிருந்து ஏழுக்கு ஒன்றையும்தான் விழவைக்கிறார்கள். நம் ஊர் ஆட்டக்காரர் எட்டடி பட்டைத் தவறவிட்டுவிட்டு மட்டையைத் தரையில் குத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்களை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். தவறவிடக் கூடாதவை மூன்றடி, நாலடி பட்டுகள்தாம். பயிற்சியும் அங்கேதான் குவிய வேண்டும்.

அதற்கு மைதானத்துக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. என் வீட்டுக் கூடத்துத் தரையில் ஓடுகளின் இணைப்புக் கோடு ஒன்று நேராக ஓடுகிறது. அதன்மேல் பந்தை வைத்து, மூன்றடிக்கு அப்பால் இரண்டு டம்ளர்களைப் பந்தைவிடச் சற்றே அகலமான இடைவெளியில் நிறுத்தி, அவற்றைத் தொடாமல் பந்தை அனுப்புவதே ஒவ்வொரு இரவும் நான் செய்யும் பயிற்சி. டம்ளர் ஒலித்தால் முகம் திரும்பியிருக்கிறது என்று பொருள். கிரீனில் இதையே இரண்டு டீ குச்சிகளை நட்டுச் செய்யலாம். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கிறதா என்பதை அறிய, நிற்கும் நிலையிலேயே கண்ணிமைக்கு அருகிலிருந்து இன்னொரு பந்தை நழுவ விட்டுப் பார்த்தால் போதும். மூன்றடிக்குள் ஆடும்போது பந்தின் பின்னால் பார்வையை ஓட்டாமல், அது குழியில் விழும் ஓசையைக் காதால் கேட்கும்வரை தலையை அசைக்காதிருப்பது மிகப் பழைய அறிவுரை. கேட்க எளிது, கடைப்பிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

கிரீனைப் படிப்பதைப் பற்றி ஒரு பொறியாளனாகச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். கிரீன் என்பது அழகுக்காக வளைக்கப்பட்ட தரை அல்ல. மழைநீர் தேங்காமல் வடிவதற்காக வடிவமைக்கப்பட்ட நிலம். ஒரு குடம் நீரை அங்கே கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டுக்கொண்டாலே சரிவின் திசை பாதி புரிந்துவிடும். கிரீனை நோக்கி நடந்து வரும்போது நாற்பது கஜத்துக்கு முன்பிருந்தே முழு நிலத்தையும் பார்க்க வேண்டும். கிட்டே வந்து குனிந்த பிறகு சிறு மேடுபள்ளங்கள் தெரியுமே தவிர, பெரிய சாய்வு மறைந்துவிடும். தாழ்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால் சரிவு தெளிவாகத் தெரியும். பெரும்பாலோர் தேவையைவிடக் குறைவாகவே வளைவைக் கணிக்கிறார்கள் என்பதும், அதனால் அவர்களுடைய பந்து எப்போதும் பள்ளப் பக்கமாகவே தவறுகிறது என்பதும் நான் வருடக்கணக்கில் கண்டது. மேட்டுப் பக்கம் தவறும் பந்துக்குக் கடைசிக் கணத்திலாவது குழிக்குள் சரிய வாய்ப்பு உண்டு. பள்ளப் பக்கம் இறங்கிவிட்ட பந்து மேலேறி வராது.

சரிவுக்கு அடுத்தது புல். நம் சமவெளியின் வெப்பத்தில் கிரீன்களுக்குப் பெரும்பாலும் இடப்படும் பெர்முடா புல், வேறொன்றுமல்ல, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லின் இனம். அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவான இன்னொரு புல்லையும் கலந்து உருவாக்கிய வகைகளே கிரீன்களில் அதிகம். ‘அறுகு போல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறோமே, அந்தப் படரும் குணமே பட்டிங்கில் சோதனையாகிறது. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்கிறது. அது சாய்ந்த திசையில் பந்து வழுக்கி விரையும், எதிர்த் திசையில் இழுத்துப் பிடிக்கப்படும், குறுக்கே சென்றால் அந்தப் பக்கமாக ஒதுங்கும். நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது நம்மைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது. கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. குழியின் விளிம்பைக் கவனித்தால், ஒரு பக்கம் கூர்மையாக வெட்டியதுபோலவும் எதிர்ப்பக்கம் வாடிப் பிசிறடித்தும் இருக்கும். பிசிறுள்ள பக்கமே புல் சாயும் பக்கம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவரும் அந்த முதிய கேடிதான். காலைப் பனி ஈரத்தில் ஒரு வேகம், நண்பகலில் புல் உலர்ந்தபின் வேறொரு வேகம், மாலையில் புல் வளர்ந்தபின் மற்றொன்று என்று ஒரே கிரீனுக்கு ஒரே நாளில் மூன்று முகங்கள் உண்டு என்பதையும் அவரே காட்டினார்.

பட்டிங் எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுசெல்லும் என்பதற்கு நம் பக்கத்து ஊர்க்காரரையே சான்றாகக் காட்டலாம். பெங்களூருவின் அதிதி அசோக், 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் ஆட்டத்துக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் கோவிட் தொற்றிலிருந்து மீண்டிருந்தார். அடியின் தூரம் குறைந்திருந்தது. தங்கம் வென்ற நெல்லி கோர்டாவின் பந்து அவருடையதைத் தாண்டிப் பல கஜம் முன்னே கிடந்தது. ஆனாலும் கசுமிகசேகி மைதானத்தின் கிரீன்களில் அவர் நாள்தோறும் பட்டுகளை விழவைத்த விதத்தில், நான்கு நாட்களின் முடிவில் கோர்டாவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது இரண்டே அடிகள். கடைசி கிரீனில் பேர்டிக்கான (பாரைவிட ஓர் அடி குறைவாக முடிப்பதற்கான) பட் தவறியதால், ஒரே அடியில் வெண்கல வாய்ப்பை இழந்து நான்காவது இடம் பெற்றார். அந்த விடியற்காலையில் இந்தியாவெங்கும் கோல்ஃப் அறியாத இல்லங்களில் அவருடைய பட்டுகளைத் தொலைக்காட்சியில் மக்கள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் நாளிதழின் அடுத்த கட்டுரை இதிலிருந்து தொடங்கலாம் என்பது என் பணிவான யோசனை.

மறுபக்கமும் உண்டு. 1970-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசிக் குழியில், மூன்றடிக்கும் குறைவான ஒரு பட்டை விழவைத்தால் கோப்பை என்ற நிலையில் டக் சாண்டர்ஸ் நின்றார். பந்துக்கு முன் நின்றுவிட்ட பிறகு வழியில் ஏதோ கிடப்பதாகத் தோன்ற, குனிந்து அகற்றப் பார்த்தார். பிறகு விலகிப் போய்த் தொடக்கத்திலிருந்து ஆயத்தமாகாமல் அப்படியே ஆடித் தவறவிட்டார். அதனால் ஜாக் நிக்லாஸுடன் சமநிலை ஆகி, மறுநாள் நடந்த கூடுதல் சுற்றில் அவரிடம் ஒரே அடியில் தோற்றார். இடையூறு நேர்ந்தால் பின்வாங்கி, மூச்சை விட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் என்னுடன் ஆடும் இளைஞர்களிடம் சொல்வதெல்லாம் அந்தப் பட்டை நினைத்துத்தான்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். நான் ஆடிப் பார்த்த மைதானங்களில் ஒன்றில், பெயரைத் தவிர்க்கிறேன், பயிற்சி கிரீனின் புல் மைதானத்துக் கிரீன்களைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு உயரமாகவே எப்போதும் விடப்பட்டிருந்தது. வாரத்தில் பாதி நாட்கள் அதன் குறுக்கே கயிறும் கட்டப்பட்டிருந்தது. காலையில் அங்கே பத்து நிமிடம் பழகிவிட்டு முதல் கிரீனுக்குப் போகிறவரின் பந்து, பழகிய விசைக்கு நாலடி தாண்டி ஓடும். அத்தகைய பயிற்சி இல்லாமல் இருப்பதைவிடக் கேடானது; கைக்குத் தவறான அளவைக் கற்பிக்கிறது. செயலாளரிடம் இருமுறை எழுத்து மூலம் தெரிவித்தும், செலவு என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அறுக்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கூடுதலாக ஆவது ஒரு கிரீனை அறுக்கும் நேரம் மட்டுமே.

இதோடு ஒவ்வொரு மைதானமும் தினமும் காலையில் கிரீனின் வேகத்தை அளந்து, பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான கருவி சிக்கலானதல்ல. எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் 1935-ல் ஓக்மண்டில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்த்தபின் உருவாக்கிய ஸ்டிம்ப்மீட்டர், நடுவில் பள்ளக் கோடுள்ள மூன்றடி நீளச் சட்டம்தான். சட்டத்தின் பள்ளத்தில் பந்தை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், சுமார் 20 டிகிரியில் பந்து தானாக உருண்டு இறங்கும். சமதரையில் அது எத்தனை அடி ஓடியது என்பதே கிரீனின் வேகம். ஒரு திசையில் மூன்று பந்து, எதிர்த் திசையில் மூன்று பந்து, பிறகு சராசரி. ஐந்து நிமிட வேலை. ‘இன்று 8’ என்று பலகையில் கண்டவர், நேற்று 9 என்று ஆடிய கையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு முதல் கிரீனுக்குப் போவார். அந்தச் சட்டத்தை வாங்க மனமில்லாத மன்றத்துக்கு, தச்சரைக் கொண்டு மரத்தில் ஒன்றைச் செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். உலகத் தர அளவு கிடைக்காவிட்டாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும்.

2019 முதல் கிரீனில் காலணித் தடங்களையும் சரிசெய்துகொள்ள விதி அனுமதிக்கிறது, கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டும் ஆடலாம் என்பதை மூத்த உறுப்பினர்கள் பலர் இன்னும் அறியாதிருப்பதால், அதையும் அதே பலகையில் எழுதிவைப்பது நல்லது.

பயிற்சியாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முதல் பாடத்தைக் குழியிலிருந்து தொடங்குங்கள். ஓரடி, மூன்றடி, ஆறடி என்று பின்னோக்கி நகர்ந்து, டிரைவர் மட்டையைக் கடைசியாகக் கொடுங்கள். மைதான நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வார நாட்களின் பிற்பகலில் பயிற்சி கிரீன் ஆளின்றிக் கிடக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் கேடிகளின் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டால், தேவைப்படுவது பத்துப் பழைய பட்டர்களும் ஒரு கூடைப் பந்தும் மட்டுமே. என் வீட்டில் மூன்று பட்டர்கள் இருக்கின்றன. இரண்டை நாளையே கொடுக்கிறேன். கற்றுக்கொடுக்க அந்த முதிய கேடியையே அழையுங்கள். ஓய்வு பெற்றுவிட்ட அவர் இன்றும் மாலை வேளைகளில் மைதானத்து வேலியோரம் வந்து நின்று, உள்ளே ஆடுபவர்களின் பட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர்,
சென்னை.